பதினோரு வரிசை மரவள்ளி

ஜப்பான்காரன் காலத்தைப் பற்றிப் பேசச் சொல்லி யார் என்னைக் கூப்பிட்டாலும் பசியையும், நம் ஆட்களைக் கொண்டுபோய்ச் சாகடித்த சயாம் ரயில் பாதையையும்தான் எதிர்பார்க்கிறார்கள். அவற்றைச் சொல்ல என்னைவிட உரிமை உள்ளவர்கள் இருந்தார்கள். நான் சயாமுக்குப் போகவில்லை. அந்தக் காலம் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து கோப்பு புரட்டிக்கொண்டிருந்தேன். இந்த ஆபீஸில் புதிதாகச் சேர்ந்திருக்கிற நீங்கள் இனி முப்பது வருஷம் அடுத்தவர்களின் வேலித் தகராறையும் சாக்கடைத் தகராறையும்தான் பார்க்கப் போகிறீர்கள். உங்களுக்கு ஒரு கானைப் பற்றிச் சொல்வதுதான் பொருத்தம். கான் என்றால் மலைச்சரிவில் மழைத்தண்ணீரை ஓரமாகத் திருப்பி ஓடையில் விடுகிற வாய்க்கால். தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு விளக்கம் வேண்டாம். பட்டணத்துப் பிள்ளைகளும் சிலர் உட்கார்ந்திருக்கிறீர்கள், அதனால் சொன்னேன்.

கான் எத்தனை அடி ஆழம், எவ்வளவு சரிவு என்பதெல்லாம் புத்தகத்தில் இருக்கிறது. அதை நான் சொல்லப் போவதில்லை. வெட்ட வேண்டும் என்று தெரிந்த பிறகு மனுஷன் எதற்காக வெட்டாமல் நிற்கிறான் என்பது எந்தப் புத்தகத்திலும் இல்லை. நான் நின்றிருக்கிறேன், அதனால் எனக்குத் தெரியும்.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. மலைமேல் ரிங்லெட்டில் இருந்த சின்ன அரசாங்க ஆபீஸில் கடைசிக் கிராணி, அதாவது குமாஸ்தா. எனக்கு மேலே பெரிய கிராணி. அவருக்கு மேலே ஒரு ஜப்பான் அதிகாரி. பெரிய கிராணி வெள்ளைக்காரனிடம் பதினைந்து வருஷம் குனிந்து பழகியவர், ஜப்பான்காரன் வந்தபோது இன்னும் கொஞ்சம் குனிந்தால் போதும் என்று கண்டுபிடித்துக்கொண்டவர். கெட்ட மனிதர் இல்லை. பயந்த மனிதர். ஆபீஸில் இந்த இரண்டுக்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பது ரொம்பக் கஷ்டம் என்பது உங்களுக்கே போகப் போகத் தெரியும்.

கீழேயிருந்து அரிசி வருவது குறைந்ததும் சும்மா கிடக்கும் நிலத்தில் எல்லாம் கிழங்கு போட வேண்டும் என்று உத்தரவு வந்தது. ஆபீஸ்காரர்களும் போட வேண்டும். எங்களுக்கு ஒதுக்கப்பட்டது ரோட்டோரம் இருந்த ஒரு தேயிலைச் சரிவு. அந்தத் தோட்டத்துத் துரை சண்டை வந்தவுடனே காரில் ஏறிப் போய்விட்டான். கவாத்து இல்லாமல் தேயிலை மரமாக வளர்ந்து நின்றது. நாங்கள் அதைப் பிடுங்கி எறிந்துவிட்டு மரவள்ளி நட்டோம்.

எப்படி நட்டோம் தெரியுமா? மேலேயிருந்து கீழே வரைக்கும் நேர்கோடு. கயிறு கட்டி, கோணல் இல்லாமல். ஜப்பான் அதிகாரிக்கு நேர்வரிசை என்றால் உயிர். ரோட்டில் நின்று பார்த்துவிட்டு "பாகுஸ், பாகுஸ்", நல்லது நல்லது, என்று தலையாட்டினான். அவன் எங்களிடம் பேசிய மலாயில் பாதி அந்த ஒரு வார்த்தைதான். நாங்களும் ஏதோ சாதித்துவிட்டதாக நினைத்துக்கொண்டோம். சரிவின் குறுக்கே தோட்டத்துக் காலத்துப் பழைய கான் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. அது வரிசைக்கு இடைஞ்சலாக இருந்ததால் பிடுங்கிப் போட்ட தேயிலைக் கட்டையையெல்லாம் அதற்குள் அடைத்து மண்ணைப் போட்டு மூடினோம். பேனா பிடித்த கை மண்வெட்டி பிடித்தால் இப்படித்தான் ஆகும்.

அந்தச் சரிவுக்கு நேர் கீழே சவரியம்மாவின் வீடு. பலகைச் சுவர், தகரக் கூரை, இரண்டு அறை, பின்னால் தனியாக ஓர் அடுப்படி. அவர் புருஷன் அதே தோட்டத்தில் கான் வெட்டுகிற கூட்டத்துக்குக் கங்காணியாக இருந்தவர். இருக்கும்போதே துண்டு நிலம் வாங்கி வீட்டைக் கட்டிவிட்டு இறந்துபோனார். லயத்து வீட்டில், அதாவது தோட்டம் கொடுத்த வரிசை வீட்டில் பிறந்து, வேலை போன அன்றைக்கே லயத்தை விட்டு வெளியேறிய குடும்பங்களைப் பார்த்தவர்களுக்குத்தான் சொந்த வீடு என்றால் என்ன என்று தெரியும். சவரியம்மா கிராண்டை, அதாவது நிலப் பட்டாவை, ஒரு பிஸ்கட் டின்னில் போட்டுப் பூட்டி வைத்திருந்தார். பிள்ளைகள் கிடையாது. அந்த வீடுதான் எல்லாம்.

நாங்கள் நட்டு முடித்த அன்றே வேலியோரம் வந்து நின்றார்.

"கிராணி, இங்க தேயில எப்படி நின்னுச்சுன்னு பாத்தீங்களா?"

"பாத்தோம், அம்மா."

"குறுக்க நின்னுச்சு லா. வெள்ளக்காரன் என்ன கிறுக்கனா? நீங்க மேலேருந்து கீழ கோடு போட்டுத் தண்ணிக்கு வழி காட்டியிருக்கீங்க. கானையும் தூத்துட்டீங்க. மழ வந்தா தண்ணி எங்க போகும்? எங்க வூட்டுக்குத்தான்."

நான் சிரித்தேன். இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது, ஆனால் சிரித்தேன். கைநாட்டு உலகத்திலிருந்து தப்பி வந்து ஆபீஸில் உட்கார்ந்திருக்கும் இருபத்திரண்டு வயதுக்காரனுக்குக் கான்கூட்டத்துக் கங்காணியின் பெண்சாதி பாடம் எடுப்பதா என்று ஒரு நினைப்பு.

அவர் கைநாட்டும் இல்லை. மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவர். அடுத்த வாரமே தமிழில் முத்து முத்தான எழுத்தில் மனு வந்தது. பக்கத்து நிலத்தை ஆபீஸ் சரியாகப் பராமரிக்க வேண்டும், மூடிய கானைத் திறந்து ஓடை வரைக்கும் விட வேண்டும். அவ்வளவுதான் கேட்டிருந்தார். தமிழ் மனுவைப் படித்துச் சொல்வது என் வேலை. பெரிய கிராணியிடம் படித்துக் காட்டினேன்.

"அந்த நெலம் யாருது?" என்றார்.

"தோட்டத்துது, ஐயா."

"தோட்டம் யாருது?"

"வெள்ளக்காரனுது."

"அவன் எங்க?"

"ஓடிட்டான்."

"அப்ப அவன் வந்து வெட்டட்டும் லா. ஃபைல்ல போடு."

போட்டேன். இரண்டாவது மனு வந்தது, மூன்றாவது வந்தது, அவற்றையும் போட்டேன். நான்காவதைச் சவரியம்மா கையோடு கொண்டு வந்தார். பெரிய கிராணி நிமிராமல் நிலம் ஆபீஸுடையது இல்லை என்று சொல்லி முடித்துவிட்டார். சவரியம்மா குரலை உயர்த்தவில்லை.

"மரவள்ளி யாருது, கிராணி?"

"ஆபீசுது."

"அப்ப மரவள்ளி நிக்கிற மண்ணு?"

பெரிய கிராணி பேனாவுக்கு மை தொட்டார். ரொம்ப நேரம் தொட்டார்.

பதில் எழுத்தில் போக வேண்டும் என்று அவர் சொல்லச் சொல்ல நான்தான் எழுதினேன். மேற்படி நிலம் இந்த ஆபீஸின் பராமரிப்பில் இல்லை. தமது வீட்டைக் காத்துக்கொள்வது வீட்டுக்காரரின் பொறுப்பு. மேற்படி நிலத்திலுள்ள பயிரை யாரும் தொட்டால் தண்டிக்கப்படுவார். எழுதும்போதே எனக்கு உறைத்தது. நாங்கள் வெட்டமாட்டோம், அவர் வெட்டக்கூடாது. இதற்குப் பெயர் பதில் என்று நினைத்துக் கையெழுத்துக்கு வைத்தேன்.

தீபாவளி நெருங்கும் சமயம் மழை பிடித்தது. இந்த மலையில் காலை வெயிலை நம்பி யாரும் துணி காயப்போட மாட்டார்கள், மதியம் இரண்டு மணிக்கு வானம் கறுத்துவிடும். அதே சமயத்தில் லிப்பிஸிலிருந்து பெரிய ஜப்பான் அதிகாரி ஒருவன் தாப்பா வழியாக மலைக்கு வருகிறான், செவ்வாய்க்கிழமை காலை எங்கள் கிழங்குக் காட்டைப் பார்ப்பான் என்று செய்தியும் வந்தது. ஆபீஸே பதறியது.

சனிக்கிழமை காலை களை எடுக்கிற சாக்கில் சரிவில் ஏறினேன். வரிசைகளுக்கு நடுவே தண்ணீர் அறுத்து ஓடியிருந்தது. சவரியம்மாவின் வீட்டுக்கு மேலே, மூடிய கானுக்குக் கொஞ்சம் கீழே, மண்ணில் ஒரு வெடிப்பு. விரல் நுழைகிற அகலம். குச்சியை விட்டுப் பார்த்தேன், குச்சி முழுக்க உள்ளே போயிற்று.

பெரிய கிராணியிடம் ஓடினேன். அவர் கதவைச் சாத்திவிட்டுப் பேசினார்.

"செவ்வாக்கெழம வரைக்கும் ஒரு செடியத் தொடக்கூடாது. தொட்டவன் பேரு சயாம் லிஸ்ட்ல ஏறும். நான் உன்னக் காப்பாத்த மாட்டேன், தம்பி. எனக்கு நாலு புள்ளைங்க இருக்கு."

அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. இந்த இடத்தில் உங்களிடம் நான் சொல்வது ஒன்றே ஒன்று. பக்கத்து அறையில் ஜப்பான் அதிகாரி உட்கார்ந்திருந்தான். கான் வெட்டலாமா என்று அவனிடம் போய்க் கேட்க வேண்டும் என்று எங்கள் இருவருக்கும் தோன்றவே இல்லை. அவன் கேள்வி கேட்கிறவன், நாங்கள் பதில் சொல்கிறவர்கள் என்றே பழகிவிட்டோம்.

அங்கிருந்து சவரியம்மா வீட்டுக்குப் போனேன்.

"அம்மா, ஒரு நாலு நாளைக்கு மாதா கோயில்ல போய்த் தங்கிக்குங்க. மேல மண்ணு வெடிச்சிருக்கு."

"நான் வியாழக்கெழமயே பாத்துட்டேன்."

"அப்ப ஏன் இன்னும் இங்க இருக்கீங்க?"

"நான் போயிட்டா வூடு காலி, கிராணி. காலி வூட்டுக்கு எந்த கவர்மெண்டு கான் வெட்டும்?"

எனக்குக் கோபம் வந்தது. பிடிவாதக்காரி என்று நினைத்தேன். வீட்டுக்குப் போய்ப் படுத்தும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் ஆபீஸ் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போனேன். சவரியம்மா பூசைக்குப் போகவில்லை. முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு முன்னால் நடந்தார். பழைய கான் எந்த வழியாகப் போயிற்று என்று அவருக்கு மனப்பாடம். அவர் காலால் கோடு இழுத்துக்கொண்டே போக, நான் பின்னால் வெட்டிக்கொண்டே போனேன். அடைத்து வைத்த தேயிலைக் கட்டைகளை நானே பிடுங்கி எடுத்தேன். குறுக்கே வந்த மரவள்ளிச் செடிகளை வேரோடு தோண்டிப் பக்கத்தில் நட்டேன். அந்தப் பகுதி ரோட்டிலிருந்து தெரியாது, வீடும் மரங்களும் மறைத்தன. அதனால் தைரியமாக வெட்டினேன்.

மதியத்துக்குள் பெரும்பகுதி முடிந்தது. மிச்சம் ஓடைக்கரையை ஒட்டிய பதினோரு வரிசை. பாலத்துத் திருப்பத்தில் காரை நிறுத்தி அண்ணாந்து பார்த்தால் கண்ணில் படுவது அந்தப் பதினோரு வரிசைதான். செவ்வாய்க்கிழமை வருகிறவன் பார்க்கப் போவதும் அதைத்தான். அதன் நடுவே கான் வெட்டினால் வாயில் முன்பல் விழுந்த மாதிரி தெரியும். மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றேன். நான் நின்ற இடம் சவரியம்மாவின் அடுப்படிக்கு நேர் மேலே இருந்தது.

"இங்க நிறுத்தாதீங்க," என்றார்.

"செவ்வாக்கெழம அவன் பாத்துட்டுப் போனதும் மிச்சத்த வெட்டிர்றேன், அம்மா. ரெண்டு நாள்தானே."

"தம்பி, பாதிக் கான் வெட்டறதுக்கு நீங்க வெட்டாமயே இருந்திருக்கலாம். மலத் தண்ணியெல்லாம் இப்ப ஒண்ணா சேந்து இங்கதான் வந்து நிக்கும்."

"முக்காவாசி முடிஞ்சிருச்சே, அம்மா."

நான் சொன்னது எனக்கே நியாயமாகப் பட்டது என்பதுதான் வேடிக்கை. பெரிய கிராணி சொன்னதைக் கேட்காமல் முக்கால்வாசி வெட்டிவிட்டேன், அதனால் நான் நல்லவன். பதினோரு வரிசையை விட்டுவைத்தேன், அதனால் நான் புத்திசாலி. நல்லவனாகவும் இருந்து தப்பித்தும் கொண்டேன் என்று மனசுக்குள் ஒரு திருப்தி. ஆபீஸ் வேலையில் இந்தத் திருப்தி வரும்போதெல்லாம் கொஞ்சம் சந்தேகப்படுங்கள்.

அன்றும் மறுநாளும் தூறலோடு போயிற்று. செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குக் கார் வந்து பாலத்துத் திருப்பத்தில் நின்றது. பெரிய அதிகாரி இறங்கினான். நாங்கள் வரிசையாக நின்று இடுப்பு வரை குனிந்தோம். அவன் சரிவைப் பார்த்தான், பதினோரு வரிசையையும் பார்த்தான், எங்கள் அதிகாரியிடம் ஏதோ சொல்லிச் சிரித்தான். கால்மணி நேரம்கூட இல்லை. கார் தானா ராத்தா பக்கம் ஏறிப் போயிற்று. பெரிய கிராணி கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

நான் உடனே மண்வெட்டியோடு போயிருக்க வேண்டும். சாப்பிட்டுவிட்டுப் போகலாம் என்று ஆபீஸுக்குத் திரும்பினேன். பெரிய கிராணி இரண்டு கடிதம் கொடுத்தார், அதை எழுதிக்கொண்டிருந்தேன். இரண்டு மணிக்கு மழை கொட்டியது. கூரைத் தகரத்தின் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்கவில்லை. மூன்று மணிக்கு ரோட்டில் போன ஒருவர் வாசலில் நின்று கத்தினார். சவரியம்மா வீட்டுக்கு மேலே மண் இறங்கிவிட்டது என்றார்.

ஓடினேன். அடுப்படி இல்லை. அது இருந்த இடத்தில் சிவந்த மண்மேடு. வீட்டின் பின்சுவர் உள்பக்கமாகச் சாய்ந்து நின்றது. மண்மேட்டின் மேலே மரவள்ளிச் செடிகள், இலைகூடக் கசங்காமல், அதே வரிசையில் நின்றன. மேலே நான் வெட்டி நிறுத்திய கானின் வாயிலிருந்து தண்ணீர் ஆள் பருமனுக்கு விழுந்துகொண்டிருந்தது.

சவரியம்மா முன்னறையில் பிஸ்கட் டின்னையும் அரிசிப் பானையையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். காலையிலேயே சட்டி பானைகளை முன்னறைக்குக் கொண்டுவந்து வைத்துவிட்டாராம். என்னைப் பார்த்தார், டின்னை மடிக்கு இழுத்துக்கொண்டார். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

நான் ஒன்றுமே செய்யாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? வீடே போயிருக்கலாம். தண்ணீர் சரிவு முழுக்கப் பரவி, சுவர் நனைந்ததோடு முடிந்தும் இருக்கலாம். இன்றுவரை தெரியாது. ஆனால் மலைத்தண்ணீர் முழுவதையும் ஒன்றுசேர்த்து, வழிகாட்டி, அந்த அடுப்படிக்கு நேராகக் கொண்டுவந்து விட்டவன் நான். அவர் அந்த நேரத்தில் அடுப்பூதிக்கொண்டு இருந்திருந்தால், இந்தக் கதையை உங்களுக்குச் சொல்ல எனக்கு முகம் இருந்திருக்காது.

புதன்கிழமை காலை ஆபீஸ் திறந்ததும் ஐந்தாவது மனு வந்தது. ஜப்பான் அதிகாரியும் மண் சரிந்த செய்தியைக் கேட்டு வெளியே வந்து நின்றான். படி என்று சைகை காட்டினான். தமிழில் ஒரு வரி, மலாயில் ஒரு வரி என்று நான் படிக்க வேண்டும். கானை வெட்டியது யார், எங்கே நிறுத்தினான், ஏன் நிறுத்தினான் என்று எல்லாம் இதில் இருக்கும் என்று நினைத்துக்கொண்டே பிரித்தேன்.

அதில் இருந்தது இதுதான். "கனம் பொருந்திய ஐயா அவர்களுக்கு. பக்கத்து நிலம் தங்கள் பராமரிப்பில் இல்லை என்று எழுதியிருந்தீர்கள். அந்த நிலம் நேற்று மதியம் என் அடுப்படிக்குள் வந்துவிட்டது. கூடவே ஏழு வரிசை மரவள்ளியும் வந்திருக்கிறது. பயிரைத் தொட்டால் தண்டனை என்பதால் நான் தொடவில்லை. நிலத்துக்குச் சொந்தக்காரர் யாரோ அவர் வந்து எடுத்துப்போக உத்தரவிட வேண்டும். அதுவரை நான் எங்கே சமைப்பது என்றும் தெரியப்படுத்த வேண்டும்."

என் பேர் இல்லை. தாளைத் திருப்பிப் பார்த்தேன், பின்பக்கமும் இல்லை.

அதிகாரி பெரிய கிராணியைப் பார்த்து, நிலம் யாருடையது என்று மலாயில் கேட்டான். நம்முடையது இல்லை என்று சொன்னால் நேற்றுப் பெருமையாகக் காட்டிய மரவள்ளியும் ஆபீஸுடையது இல்லை என்று ஆகிவிடும். பெரிய கிராணியின் வாயிலிருந்து எறும்பு பேசுகிற சத்தத்தில் "நம்முடையது" என்று வந்தது. மண் ஏன் இறங்கியது என்று என்னைக் கேட்டான். கான் ஓடைக்குப் போய்ச் சேரவில்லை, இன்னும் நாலு வரிசைச் செடியை எடுத்தால்தான் போகும் என்றேன். கானை வெட்டியது யார் என்று அவன் கேட்கவில்லை. பழைய தோட்டத்துக் கான் என்று நினைத்திருப்பான்.

"வெட்டு," என்றான். அவ்வளவுதான். அந்த ஒரு சொல்லைச் சனிக்கிழமை கேட்டிருந்தால் கொடுத்திருப்பானா? அறைந்தும் இருப்பான். ஆனால் கன்னத்தில் விழும் அறையைப் பற்றிக் கணக்குப் போட்டேனே தவிர அடுப்படியைப் பற்றிப் போடவில்லை.

ஆபீஸ் முழுவதும் போய் மண்ணை அள்ள வேண்டும் என்று உத்தரவாயிற்று. பெரிய கிராணி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கூடை சுமந்தார். அவர் முகத்தைப் பார்க்க யாருக்கும் தைரியம் வரவில்லை. மற்றவர்கள் மண்ணைக் கொட்டப் போயிருந்த நேரத்தில் சவரியம்மா தனியாக நின்றார். பக்கத்தில் போனேன்.

"அம்மா, ஏன் என் பேர எழுதல?"

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். அந்தப் பார்வையில் இரக்கம் இருந்ததாக நான் சொல்லமாட்டேன்.

"எழுதினா உன்னக் கொண்டு போயிருவான். அப்பறம் மிச்சக் கான யாரு வெட்டுவா? உங்க பெரிய கிராணியா?"

அதுவரைக்கும் என்னை நீங்கள் என்று பேசியவர் அன்றுதான் முதல்முறை நீ என்றார். நான் மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன்.

"அதெல்லாம் பொறவு," என்று தன் வீட்டு மண்வெட்டியை எடுத்து என் கையில் கொடுத்தார். "ரெண்டு மணிக்கு மழ வந்துரும். போ."